வெட்டியும் வேலையும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மாலை மங்கும் வேளையில் சற்று நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வரும் பேருந்திலிருந்து ஆண்களும் பெண்களுமாய்ச் சிலர் இறங்குவர். தலையில் ஒரு துணி மூட்டை, கையில் ஒரு தூக்குவாளி, இடுப்பில் ஒரு குழந்தை. குடகின் காப்பித் தோட்டத்திற்கும் கேரளத்தின் மிளகுக் கொடிக்கும் பெங்களூரின் கட்டடச் சாரத்திற்கும் போகிறவர்கள் அவர்கள். இரவு வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கும். சுவரோரமாகக் குந்தியிருப்பர், பேச்சும் அதிகம் இராது. அவ்வழியே நடந்துபோகும் நகரத்தார் ஒருவர் தம் நண்பரிடம் சொல்லுவார்: "மலைக்காரர்களைப் பாரும்! வெட்டியாய் உட்கார்ந்திருப்பதைத் தவிர இவர்களுக்கு வேறென்ன தெரியும்?"

சொன்னவர் கொடியவர் அல்லர். நம்மில் பலரும் அப்படித்தான் பேசுகிறோம். வேலையில்லாத இளைஞனை "வெட்டிப்பயல்" என்கிறோம். பயனில்லாத பேச்சு நமக்கு "வெட்டிப் பேச்சு". வருவாய் தராத உழைப்பு "வெட்டி வேலை". ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாருடைய முதுகின்மேல் ஏறி வந்தது என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்டுப் பார்த்தால், அந்த மலை மக்களைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல நம் நா கூசும்.

சொல்லின் கதை

சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிமக்கள் செலுத்தவேண்டிய வரிகளும் கடமைகளும் வரிசையாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தராயம், எச்சோறு, கடமை, குடிமை, முட்டையாள், வெட்டி என்பவை அவற்றுள் அடிக்கடி வருபவை. தமிழகக் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இச்சொற்கள் எங்கெங்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிக் கணக்கிட்டவர். இவற்றுள் சில நெல்லாகக் கொடுக்கப்பட்டவை. சில காசாகக் கொடுக்கப்பட்டவை. வெட்டி என்பதோ உடம்பால் கொடுக்கப்பட்டது. அரசுக்கோ ஊருக்கோ ஒருவன் ஊதியமின்றிச் செய்தே ஆகவேண்டிய உழைப்புக்குத்தான் வெட்டி என்று பெயர். வடமொழியில் "விஷ்டி" என்று வழங்கிய சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர். அர்த்தசாத்திரமும் விஷ்டியைப் பேசுகிறது. தெலுங்கிலும் இதே சொல் உண்டு. 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் நடைபெற்ற உழவர் போராட்டத்தின் முதன்மையான குறைகளுள் "வெட்டிச் சாகிரி" எனப்பட்ட ஊதியமில்லா ஊழியமும் ஒன்று.

கோயிலுக்கோ அந்தணர்க்கோ ஒரு நிலம் கொடையாக வழங்கப்படும்போது, அந்நிலத்தின்மேல் இன்னின்ன வரிகள் இல்லை என்று விலக்கு அளிக்கப்படும். அந்த விலக்குப் பட்டியலிலும் வெட்டி இடம்பெறும். விலக்கு ஒரு சலுகையாகப் பொறிக்கப்பட்டது என்றால், விலக்கு இல்லாதவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அன்றைய மக்கள் இதையெல்லாம் வாய்மூடிச் சுமந்தார்கள் என்றும் எண்ணிவிடக்கூடாது. விஜயநகர ஆட்சிக் காலத்தில், 1429-ஆம் ஆண்டில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ள விருத்தாசலத்திலும், ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்களிலும் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடினர். வழக்கமாகத் தம்முள் பகைத்துநின்ற அவ்விரு பிரிவினரும், அரசு அலுவலரும் நிலக்காணியாளரும் தம்மை வருத்திய முறையை எதிர்த்து, இன்னது கொடுப்போம், இன்னது கொடோம் என்று கல்லில் வெட்டி வைத்தனர். உழைப்பவன் தன் உழைப்பின் அளவைத் தானே வரையறுக்க முயன்ற அரிய சான்றுகளுள் அது ஒன்று.

ஊர்தோறும் வெட்டி வேலையைப் பரம்பரையாகச் சுமந்தவருக்கு "வெட்டியான்" என்று பெயர் நிலைத்தது. ஏரிநீரைப் பாய்ச்சுதல், அரசு ஓலையை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்லுதல், இறப்புச் செய்தி சொல்லுதல், சுடலையில் பணிசெய்தல் ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழுந்தன. ஊர் நடப்பதற்கு இன்றியமையாத வேலைகள் அவை. ஆனால் அவற்றைச் செய்தவரின் பெயரே இழிசொல் ஆயிற்று. விலை கொடுக்கப்படாத உழைப்பு, காலப்போக்கில் விலையற்ற உழைப்பாகக் கருதப்பட்டது. பின்பு அந்தச் சொல் சோம்பலுக்கே பெயராயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இவ்விரு பொருள்களையும் ஒரே சொல்லின்கீழ் தருகிறது. ஓய்வின்றி உழைத்தவனின் சொல்லை எடுத்து உழைக்காதவனுக்குச் சூட்டிவிட்டது நம் மொழி.

இன்னொரு சொல்லையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய திருவிதாங்கூரில் கூலியின்றி அரசுக்குச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலைக்கு "ஊழியம்" என்று பெயர். நாடார் முதலிய மக்கள் அதனைச் சுமந்தனர். கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. இன்று அந்தச் சொல்லின் நிலை என்ன? "அரசு ஊழியர்" என்பது மதிப்புள்ள பெயர். இறைப்பணியை "ஊழியம்" என்று பெருமையோடு சொல்கிறோம். ஒரே வகையான சுமையிலிருந்து பிறந்த இரண்டு சொற்களுள் ஒன்று சம்பளமும் மதிப்பும் பெற்று உயர்ந்தது. மற்றொன்று குப்பைமேட்டில் வீசப்பட்டது.

பிட்டுக்கு மண் சுமந்தவர்

கட்டாய உழைப்பைப் பற்றித் தமிழ் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறியக் கல்வெட்டு மட்டும் போதாது; கதையும் வேண்டும். மதுரையில் ஆவணி மூலத்தன்று கொண்டாடப்படும் பிட்டுத் திருவிழாவின் கதை அனைவரும் அறிந்ததே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதனை விரிவாகச் சொல்கிறது. வையைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்று வயிறு வளர்க்கும் வந்தி என்னும் முதியவளுக்கு ஆளில்லை. சிவபெருமான் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமக்கிறார். சுமக்கும் நேரம் கொஞ்சம். ஆடிப்பாடித் திரிவதும் உறங்குவதும் மிகுதி. காவலர் முறையிட, மன்னன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி மன்னன்மீதும் அரசிமீதும் எல்லா உயிர்கள்மீதும் விழுகிறது.

பக்திக்குரிய இக்கதையில் ஒரு சமுதாயச் செய்தியும் உண்டு. "வீட்டுக்கு ஓர் ஆள்" என்ற ஆணை பார்வைக்கு நடுநிலையானது. ஆனால் ஆளில்லாத கிழவிக்கும் நான்கு மகன்களைப் பெற்றவருக்கும் அது ஒரே அளவு சுமை ஆகுமா? மேற்பார்வை செய்த காவலரின் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்த ஆள் சோம்பேறி. வந்தியின் வறுமை அவர்கள் கணக்கில் ஏறவில்லை. கதையைக் கட்டிய மக்களோ, அந்தப் பிரம்படி அடித்தவன் முதுகிலேயே விழுந்ததாகச் சொல்லி வழக்கைத் தீர்த்துவிட்டனர்.

ஏரி, ஆற்றுக் கரைகளைக் காக்கும் குடிமராமத்து வேலையில் உழைத்தவனுக்கே நீர் கிடைத்தது என்பதையும் மறுக்க இயலாது. தன் வயலுக்கு நீர் வரும் என்றறிந்தவன் நள்ளிரவிலும் மண்வெட்டியோடு ஓடினான். பலன் வேறொருவர் வயலுக்குப் போகும்போதோ கால்கள் தாமாகவே தளர்ந்தன. 1858-ஆம் ஆண்டில் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாணத்துக்கு இயற்றிக் கரை காக்கும் கடமையைச் சட்டமாக்கியபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை.

மலைமேல் நின்றுவிட்ட காலம்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன். தெற்கே அதனினும் உயர்ந்த பெரிய கல்வராயன். முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அதன் கீழைப்பகுதி, 1993 முதல் விழுப்புரத்திலும் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியது. மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்றும், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினர் என்றும் சொல்லிக்கொள்கின்றனர்.

கீழே சமவெளியில் ஆங்கிலேயர் நிலத்தை அளந்து, பட்டா கொடுத்து, ரயத்துவாரி வரி வாங்கினர். அம்முறை இம்மலைமேல் ஏறவில்லை. தென்னார்க்காட்டுப் பக்கத்து மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற பட்டப்பெயர்களைத் தாங்கிய மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நிலம் அவர்களுடையது, உழுபவன் குடி. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கப்பட்டது. அதாவது நிலத்தின் பரப்பைப் பார்க்காமல், உழைக்கும் கருவியை எண்ணி வரி போட்டனர். மாடு பூட்டி உழ இயலாத சரிவில் கொத்திப் பயிரிடும் ஏழையும் தன் கொத்துக்கு வரி கட்டவேண்டும். இதற்கும் மேலாக, ஜாகிர்தாரின் நிலத்தில் ஊதியமின்றி உழைத்துக் கொடுக்கும் கடமையும் இருந்தது. மலையூர்களின் முதியோர் நினைவில் அது இன்றும் ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

அந்த மக்களின் சொந்த வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கல்லும் சரிவுமான கொல்லையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கவேண்டும். முதல் மழை பெய்த சில நாள்களுக்குள் விதைப்பு முடியாவிட்டால் அந்த ஆண்டு கஞ்சிக்கு வழியில்லை. கதிர் முற்றும் காலத்தில் பரண்மேல் இரவெல்லாம் விழித்துக் காட்டுப்பன்றியை விரட்டவேண்டும். இடையே கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து, காட்டுவழியே தலைச்சுமையாய்க் கீழே கொண்டுவந்து விற்கவேண்டும். விதைப்பு நாளில் ஜாகிர்தாரின் ஆள் வந்து வெட்டிக்கு அழைத்தால், போனவனுக்குத் தன் கொல்லையின் ஈரம் போயிற்று. போகாதவனுக்கோ நிலமே போயிற்று. இத்தகைய நிலையில் ஒருவன் பிறர் நிலத்தில் மெதுவாகக் கொத்தினால் அதற்குப் பெயர் சோம்பலா? தனக்கென எஞ்சியிருக்கும் கடைசி வலிமையைத் தன் பிள்ளைகளுக்காகச் சேமித்துக்கொள்ளும் விவேகம் என்றல்லவா அதைச் சொல்லவேண்டும்?

சட்டம் மலையேறிய ஆண்டு

இத்தகைய உழைப்பைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாகச் சட்டவிரோதமாய் வேலைவாங்குவது குற்றம் என்று 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 374-ஆம் பிரிவு சொல்லிற்று. 1921 சனவரியில், மகரசங்கராந்தி நாளில், இமயமலைக் குமாவுன் பகுதியில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள், அரசு அலுவலர்களுக்குக் கூலியின்றிச் சுமை தூக்கும் "பேகார்" முறையை எதிர்த்து, ஆள்கணக்கு எழுதிய ஏடுகளைச் சரயு ஆற்றில் வீசினர். 1930-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு எதிரான உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு பேகாரையும் அதுபோன்ற பிற கட்டாய உழைப்பையும் தடைசெய்தது. 1954-இல் இந்தியா அந்தப் பன்னாட்டு உடன்படிக்கையையும் ஏற்றது.

இவ்வளவும் நடந்த பின்னரும் கல்வராயன் மலையில் ஜாகிர் நீடித்தது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963-இல் சென்னையில் நிறைவேறியது. எனினும் இம்மலை 1976 ஜூன் 25-ஆம் நாளில்தான் ஜாகிர்தார்களிடமிருந்து அரசின் நேரடி நிருவாகத்திற்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-ஆம் ஆண்டிலேயே. பிரான்சு நாட்டில் துர்கோ என்னும் அமைச்சர், உழவர்கள் கூலியின்றிச் சாலை போடும் "கோர்வே" முறையை நீக்க ஆணை கொண்டுவந்தது 1776-இல். உயர்குடியினரின் எதிர்ப்பால் சில திங்களிலேயே அவர் பதவியிழந்தார், ஆணையும் விலக்கப்பட்டது. சரியாக இருநூறு ஆண்டுகள் இடைவெளி. பிறர் உழைப்பைச் சும்மா பெற்றுப் பழகியவர்கள் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதில் மட்டும் இரண்டு நாடுகளுக்கும் வேறுபாடில்லை.

முன்பணம் என்னும் புதுக்கயிறு

வெட்டி போயிற்று, வேலை வந்ததா? கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை அமைந்தது. சாலைகள் மெல்ல மெல்ல ஏறின. மரவள்ளி பயிராகி, ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கியது. ஆயினும் உழுத நிலத்துக்குப் பட்டா எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கவில்லை. காப்புக்காடு என்றும் வருவாய் நிலம் என்றும் எல்லைகள் குறுக்கே நின்றன. காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல்தான் பிறந்தது. நிலம் உறுதியாய் இல்லாதவனுக்கு விற்பதற்கு எஞ்சியது உடலுழைப்பு ஒன்றே.

அதை வாங்க மேஸ்திரிகள் வந்தனர். திருமணத்துக்கோ நோய்க்கோ பணம் வேண்டியபோது முன்பணம் கொடுத்தனர். பெற்றவர் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய்க் கழிக்கவேண்டும். கணக்கு மேஸ்திரியின் ஏட்டில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அது எந்நாளும் தீராது. இது விருப்பத்தோடு ஏற்ற ஒப்பந்தம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கான விடை 1982-இலேயே தரப்பட்டுவிட்டது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நடந்த கட்டுமான வேலைகளில் தொழிலாளர் குறைந்தபட்ச ஊதியமும் பெறவில்லை என்ற வழக்கில், நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு பெரிய உண்மையை எடுத்துரைத்தது. கட்டாயம் என்பது சாட்டையால் மட்டும் வருவதன்று. பசியும் வறுமையும் ஒருவனைக் குறைந்த கூலிக்குத் தள்ளினால் அதுவும் கட்டாய உழைப்பே. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-ஆம் உறுப்புக்கு மாறானது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மரம் வெட்டத் தெரிந்த கைகள் என்பதற்காகவே மலைமக்களை வேறொரு கூட்டமும் தேடிவந்தது. ஆந்திரத்தின் சேஷாசலக் காடுகளில் செம்மரம் வெட்ட இடைத்தரகர்கள் ஆள் சேர்த்தனர். ஒரு மாதக் கூலியை ஓரிரு நாளில் தருவதாகச் சொன்னார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் 20 தமிழர்கள் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலையடிவார ஊர்களையும் மலையூர்களையும் சேர்ந்த கூலிகள். மரத்தை விற்றுப் பொருள் குவித்தவர்கள் அந்தக் காட்டில் இல்லை. இறந்தவர்களின் செயலைச் சரியென்று வாதிட நான் வரவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கோடரி பிடிக்கப் போனவர்களைச் சோம்பேறிகள் என்று மட்டும் யாராலும் சொல்ல இயலாது என்பதையே சொல்கிறேன்.

சோம்பேறி என்று சொல்வது யார்?

உலக வரலாற்றில் இந்தப் பழிச்சொல்லைச் சொன்னவர்களின் வரிசை நீண்டது. வைக்கோல் கொடுக்காமலே பழைய கணக்குப்படி செங்கல் கேட்ட எகிப்தின் பார்வோன், கடவுளுக்குப் பலியிடப் போக விடை கேட்ட அடிமைகளைச் சோம்பேறிகள் என்று ஏசியதை விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் படித்திருக்கிறோம். அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. மலாய் அறிஞர் சையது உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வுநூல், மலேயா, சாவகம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் மக்கள் சோம்பேறிகள் என்ற எண்ணம் எப்படிப் பரவிற்று என்று ஆராய்ந்தது. மலாய் உழவன் தன் வயலில் உழைத்தான், மீன் பிடித்தான், அந்நியரின் தோட்டத்தில் அவர்கள் சொன்ன கூலிக்கு உழைக்க மட்டும் மறுத்தான். அந்த மறுப்புக்கே சோம்பல் என்று பெயரிட்டனர் என்பது அவர் முடிவு. அவன் மறுத்த வேலைக்குக் கங்காணிகள் மூலம் கப்பலேற்றப்பட்டவர்கள் யார்? நம் தமிழ் உழவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த நற்சான்று "சொன்னதைக் கேட்பவர்கள்" என்பதாகும். மறுத்தால் சோம்பேறி, பணிந்தால் கூலி. உழைப்பவனுக்கு மூன்றாவதொரு பெயர் அந்த அகராதியில் இல்லை.

நம் ஊரிலும் இதைக் கண்டோம். 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் அன்றைய விழுப்புரமும் ஒன்று. ஆகவே கள்ளக்குறிச்சி வட்டாரம் தொடக்கத்திலேயே அதைக் கண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை கேட்ட பதினைந்து நாள்களுக்குள் வேலை கிடைக்காவிட்டால் உதவித்தொகை. தனியார் ஒருவருக்குக் கைகட்டி நிற்கவேண்டாத வேலை. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் மண் சுமந்தனர். உடனே எழுந்த பேச்சு என்ன? "நூறு நாள் வேலை வந்து மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை, மரத்தடியில் வெட்டியாய் உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள்."

இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சரியாகத் திட்டமிடாத இடங்களில் வேலை பெயரளவுக்கு நடந்ததும் உண்டு. சிறு விவசாயியின் ஆள்தட்டுப்பாடும் மெய்யான துன்பமே. கூலியை உயர்த்திக் கொடுக்க அவருக்கு விளைபொருள் விலை இடம் தரவில்லை. ஆனாலும் ஒன்றை உற்றுநோக்குங்கள். முன்பு வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதி என்று கொடுத்த நாளில் எவரும் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. வேறொரு வேலையைத் தேர்ந்துகொள்ள அவளுக்கு வழி பிறந்த நாளில்தான் அப்பெயர் வந்தது. அந்தத் திட்டம் பின்னர் என்னென்ன மாற்றங்களைக் கண்டபோதிலும், அந்நாளில் எழுந்த அப்பேச்சு நம் மனப்பாங்கைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

தன் பெயரால் நிற்கும் வேலை

இதே மாவட்டத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி ஒருவர் மரத்துண்டின்மேல் குனிந்து, சிற்றுளியால் ஒரு விரல்நகத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். கண் சரியாகத் திறக்கவில்லை என்றால் யாரும் சொல்லாமலே மீண்டும் அமர்வார். மரத்தை மாற்றி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா பார்த்துக்கொண்டும் இருப்பார். அதை நாம் வெட்டி என்று சொல்வதில்லை. கலைஞரின் சிந்தனை என்கிறோம். அவருடைய வேலை அவர் பெயரோடு நிற்கிறது. முடிந்தபின் அவர் தம் கையைப் பார்த்துப் பெருமைப்பட இயலும். இத்தகைய மனநிலை எந்தச் சாதிக்கும் குலத்துக்கும் தனியுடைமை அன்று. தன் சாமைக் கொல்லையைப் பரண்மேலிருந்து காக்கும் மலையாளியிடமும் அது இருந்தது, இருக்கிறது. கொல்லை அவனுடையது என்று உறுதியாகும்போது அது வெளிப்படுகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. மாண்டவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகளான கூலித் தொழிலாளர்கள். சாராயத்துக்கும் கல்வராயன் மலைக்கும் உள்ள தொடர்பு பேசப்பட்டபோது, அம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலைவாய்ப்பு என்று ஒவ்வொன்றாகக் கேள்விகள் எழுந்தன. குடித்தவர்களைக் குறைசொல்லுவது எளிது. நாளெல்லாம் முதுகொடிய உழைத்து, அந்த உழைப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லாமல் வீடு திரும்புகிறவனுக்கு மாலைப்பொழுது எப்படி இருக்கும் என்று எண்ணுவது கடினம். அந்தக் கடினமான எண்ணத்தையே நாம் மேற்கொள்ளவேண்டும்.

மீண்டும் பேருந்து நிலையத்துக்கு வருவோம். சுவரோரம் குந்தியிருப்பவர்களின் பாட்டன்மார் ஜாகிர் நிலத்தில் வெட்டி செய்தவர்கள். இவர்கள் அந்த வெட்டியிலிருந்து தப்பி, கூலி கிடைக்கும் இடத்தைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் போகிறார்கள். விடிந்தால் வேறு மாநிலத்தில் வேலை. இப்போது அவர்கள் செய்வதெல்லாம் இரவு வண்டிக்குக் காத்திருப்பது ஒன்றே. அதையும் நாம் வெட்டி என்று சொன்னால், ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் கல்லில் பொறித்த அந்த வரியை அவர்களிடம் இன்னொருமுறை வசூலிக்கிறோம். மற்றவரின் உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்: அந்த வேலையின் பலன் யாருக்குப் போயிற்று? அதற்கு நாம் கொடுத்தது என்ன? இவ்விரண்டுக்கும் நேர்மையாய் விடை கண்டபின், நம் அன்றாடப் பேச்சிலிருந்து அந்தப் பழைய சொல் தானாகவே உதிர்ந்துவிடும்.